எழுதி முடியாத நோயாளர் ஏடு

வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில் மட்டும் கதவு திறக்கும் வைத்திய நிலையம் ஒன்றை வாசகர்கள் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். இடம், அமெரிக்க நாட்டுப் பெருநகர் ஒன்று. கட்டடம் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடமன்று. தேவாலயத்தைச் சார்ந்த மண்டபமாகவோ, பகலில் வேறு வைத்தியர்கள் பயன்படுத்தும் சில அறைகளாகவோ இருக்கும். மாலை ஐந்து மணிக்கு வந்து மேசைகளை இழுத்துப் போடுபவர், வந்தவரின் பெயரைப் பதிபவர், இரத்த அழுத்தம் பார்ப்பவர், மருந்தை எடுத்துக் கொடுப்பவர் ஆகிய பெரும்பாலோர் மாணவர்களே. இரவு பத்து மணியளவில் விளக்கு அணையும். மறுபடி கதவு திறக்க ஏழு நாட்கள் செல்லும். அப்பொழுது அங்கே நிற்பவர்கள் வேறு மாணவர்களாயிருப்பர்.

இந்த வாரத்து மாணவனையும் அடுத்த வாரத்து மாணவனையும் இணைத்து வைப்பது ஒரேயொரு பொருள். அதுவே நோயாளர் ஏடு. நோயாளியின் வரலாறு, உடலைப் பரிசோதித்தபோது கண்டவை, கொடுத்த மருந்து, அனுப்பிய இரத்தப் பரிசோதனை, இனிச் செய்ய வேண்டிய காரியம் ஆகிய யாவும் எழுதப்படும் இடம் அது. முன்னர் கடதாசியாயிருந்தது; இப்பொழுது பெரும்பாலும் கணினித் திரையிலே இருக்கின்றது. அவ்வேடு எழுதி முடியாமல் விடப்பட்டால் என்ன ஆகும், அதனைத் தேடி எடுத்து முடித்து வைப்பது யார் கடன் என்பனவற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். பார்வைக்கு இது எழுதுவினைஞர் ஒருவரின் அலுவல் போலத் தோன்றும். உண்மையில் இதுவும் வைத்தியத்தின் ஒரு கூறேயாகும்.

மாணவர் நடத்தும் வைத்தியசாலைகள்

அரசாங்க ஆஸ்பத்திரியிற் பணமின்றி வைத்தியம் பெறும் நம் நாட்டவர்க்கு, இத்தகைய நிலையங்கள் எதற்காக என்ற ஐயம் எழுதல் இயல்பு. அமெரிக்காவிலே வைத்தியச் செலவைத் தாங்குவது பெரும்பாலும் காப்புறுதி. உழைக்கும் வயதினர் பலருக்கு அவ்வுறுதி தொழில் வழியே கிடைக்கின்றது. முதியோருக்கும் வறியோருக்குமான அரசாங்கத் திட்டங்கள் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உண்டாயின. இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுவோர் பலர். 2023ஆம் ஆண்டில் எவ்விதக் காப்புறுதியும் இல்லாதிருந்தோர் ஏறக்குறைய 2 கோடி 60 இலட்சம் பேர் என அந்நாட்டுக் குடிசன மதிப்புத் திணைக்களம் கணித்தது. உணவுச்சாலையிற் சமைப்பவர், வீடு துடைப்பவர், கட்டட வேலை செய்பவர், பிற நாட்டிலிருந்து வந்து உரிய பத்திரங்கள் இல்லாது வாழ்பவர் முதலியோர் இவர்களுள் அடங்குவர்.

இவர்களுக்காக வைத்திய மாணவர்கள் முன்வந்தனர். கலிபோர்னிய மாநிலத்தின் தலைநகரான சக்கரமென்ரோவில், ஆசிய மக்களுக்கென ஒரு நிலையம் 1972இலும், ஸ்பானிய மொழி பேசுவோருக்கென மற்றொன்று 1974இலும் மாணவர் முயற்சியால் எழுந்தன. 1997இல் சான் டியேகோ நகரில், மெதடிஸ்த தேவாலயம் ஒன்றை இடமாகக் கொண்டு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் இன்னொன்றைத் தொடங்கினர். 2007இல் வெளிவந்த ஆய்வொன்று 49 வைத்தியக் கல்லூரிகளைச் சார்ந்து 111 நிலையங்கள் இயங்குவதாகக் காட்டிற்று. 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, அந்நாட்டு வைத்தியக் கல்லூரிகளுள் நான்கில் மூன்று பங்கினவற்றில் இத்தகைய நிலையம் ஒன்றேனும் இருந்தது.

மாணவர் தாமாகவே மருந்து கொடுத்துவிடுகின்றனரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. முதலாம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரும், மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரும் சோடியாக அறைக்குட் சென்று நோயாளியோடு பேசிப் பரிசோதிப்பர். பின்னர் வெளியே வந்து, அன்று தம் நேரத்தை இலவசமாகத் தந்து வந்திருக்கும் வைத்தியரிடம் யாவற்றையும் எடுத்துரைப்பர். வைத்தியர் நோயாளியைத் தாமும் பார்த்துத் தீர்மானம் செய்வார். மாணவர் ஏட்டை எழுதுவர். வைத்தியர் படித்துத் திருத்திக் கையொப்பமிடுவார். இவ்வொழுங்கு செம்மையானதே. ஆனால் இதன் ஒவ்வொரு கணுவிலும் காரியம் அறுபட்டு நின்றுவிட இடமுண்டு.

இரவு பத்து மணிக்கு எஞ்சுவன

பதினைந்து நோயாளர் வந்த ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். கடைசி நோயாளி எழுந்து போகும்போது மண்டபத்தைப் பூட்ட வேண்டிய நேரமும் வந்துவிடுகின்றது. மாணவருக்கு மறுநாட் காலை எட்டு மணிக்கு வகுப்பு. வைத்தியருக்கு விடியற்காலையிலே ஆஸ்பத்திரிக் கடமை. எழுதியது பாதி, எழுதாதது பாதியாக ஏடுகள் நின்றுவிடுகின்றன. இங்கே சோம்பலைக் குற்றஞ் சொல்லுதல் எளிது. ஆயினும் அது பெரும்பாலும் நீதியாகாது. பகல் முழுவதும் படித்துவிட்டு, இரவு வேதனமின்றி ஏழைகளுக்கு உழைக்க வந்த பிள்ளைகள் அவர்கள்.

முடியாத ஏடு என்பது ஒரே வகையினதன்று. நோயாளி சொன்னதும் மாணவர் கண்டதும் எழுதப்படாமல் நிற்பது ஒரு வகை. எல்லாம் எழுதப்பட்டும் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் நிற்பது இரண்டாவது. அவ்வைத்தியர் மாதத்தில் ஒரு முறை மட்டும் வருபவராயின் அக்கையொப்பம் ஒரு மாதம் கழித்தே வரக்கூடும். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தும் எவரும் பாராமற் கிடப்பது மூன்றாவது. கண் வைத்தியரிடமோ இருதய வைத்தியரிடமோ அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, அதற்குரிய கடிதம் எழுதாமல் விடுவது நான்காவது. இவற்றுள் முதலிரண்டும் ஏட்டைத் திறந்தவுடன் கண்ணுக்குத் தெரியும். பின்னிரண்டும் தெரிவதில்லை, ஏடு பார்வைக்கு முழுமையாகவே இருக்கும். ஆகவே அவையே கூடிய ஆபத்தானவை.

இதன் விளைவை விளக்க ஓர் உதாரணம் கூறுவோம். இது நடந்த சம்பவமன்று. எப்படி நடக்கக்கூடும் என்பதைக் காட்டுவது மாத்திரமே. உணவுச்சாலையொன்றிற் சமையல் வேலை செய்யும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர், களைப்பும் தாகமும் எனச் சொல்லிக்கொண்டு செவ்வாய்க்கிழமை இரவு வருகின்றார். நீரிழிவு என்று ஐயுறுகின்றனர். மூன்று மாதத்துச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனைக்கும், சிறுநீரகம் செவ்வனே இயங்குகின்றதா என்று அறியும் பரிசோதனைக்கும் இரத்தம் எடுக்கின்றனர். முன்னைய பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் நீரிழிவு எனக் கொள்வது வழக்கம். அந்நோய்க்கு முதலிற் கொடுக்கும் மருந்தாகப் பெரிதும் வழங்குவது மெற்போமின் என்னும் குளிகை. ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு அதனைக் கொடுத்தலாகாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் குறிக்கும் எண் 30க்குக் கீழே இருந்தால் அது விலக்கப்பட்டது என்றும், 30க்கும் 45க்கும் இடையே இருந்தால் அதனைப் புதிதாகத் தொடங்குதல் தகாது என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் அறிவித்தது. ஆகையால், “முடிவைப் பார்த்த பின்பே குளிகை” என்று வைத்தியர் வாயாற் சொல்லுகின்றார். மாணவர் தலையசைக்கின்றார். ஏட்டில் அந்த வரி எழுதப்படவில்லை; நேரமாகிவிட்டது.

வியாழக்கிழமை ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வருகின்றது. மாணவர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கின்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு மாணவர் அவ்வேட்டைத் திறக்கின்றார். நீரிழிவு என்ற ஐயம் தெரிகின்றது. காத்திருக்க வேண்டும் என்ற கட்டளை தெரியவில்லை. பெண்மணி வந்திருந்தால், சிறுநீரக முடிவைப் பாராமலே குளிகை கொடுக்கப்படலாம். வராதிருந்தால் நிலைமை இன்னும் மோசம்; எவரும் அழைக்கவில்லையாதலால், “ஒன்றுமில்லை போலும்” என்று அவர் எண்ணிக்கொள்வார். மௌனத்தை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுதல் நோயாளரின் இயல்பு. ஓர் வரி எழுதப்படாமையால் இத்தனையும் விளைகின்றன.

நான்கு வினாக்கள்

ஏடு எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்ற பிரச்சினை புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஒவ்வொரு வைத்தியரும் தத்தமக்கெனப் பேரேடு வைத்து, வந்த நோயாளரை நாள் வரிசையிற் பதிந்து வந்தனர். ஒரே நோயாளியின் கதை பல பேரேடுகளிற் சிதறிக் கிடந்தது. மினசோட்டா மாநிலத்து மேயோ வைத்திய நிலையத்திலே ஹென்றி பிளம்மர் என்பவர் 1907இல் இதனை மாற்றினார். ஒரு நோயாளிக்கு ஓர் இலக்கம், ஓர் இலக்கத்துக்கு ஒரு கோவை. எந்த வைத்தியர் பார்த்தாலும் அக்கோவையிலேயே எழுத வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். வைத்தியருக்குச் சொந்தமாயிருந்த ஏடு அன்று நோயாளிக்கு உரியதாயிற்று எனலாம்.

கோவை ஒன்றானபோதும் அதனுள்ளே எழுதப்பட்டவை ஒழுங்கின்றியே இருந்தன. லோறன்ஸ் வீட் என்னும் வைத்தியர் முன்னர் ஆய்வுகூடத்திலே பயின்றவர். ஆராய்ச்சியாளர் தம் குறிப்புகளை எழுதும் கண்டிப்பு ஆஸ்பத்திரி ஏடுகளில் இல்லையே என்று அவர் கண்டார். 1968இல் “நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகை”யில் இரு பகுதிகளாக அவர் எழுதிய கட்டுரை வைத்திய உலகத்தின் எழுத்து முறையையே மாற்றியமைத்தது. நோயாளியின் குறைகளை இலக்கமிட்டு ஏட்டின் முகப்பிலே பட்டியலாக வைக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் நான்கு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும் என்றார். நோயாளி சொல்வது யாது? நாம் கண்டது யாது? இவ்விரண்டிலிருந்தும் நாம் கருதுவது யாது? இனிச் செய்ய வேண்டியது யாது? ஆங்கிலத்தில் இந்நான்கின் முதலெழுத்துக்களையும் கூட்டினாற் சவர்க்காரத்தைக் குறிக்கும் சொல் வருவதால், மாணவர் எவரும் இதனை மறப்பதில்லை.

அவசரத்தில் விடுபடுவது எது? முதல் மூன்றும் கண்முன்னே உள்ளவை, எழுதுவது எளிது. நான்காவது வருங்காலத்தைப் பற்றியது. அதை எழுதுவதற்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வைத்தியரைக் கேட்க வேண்டும். ஆகையால் அதுவே பெரும்பாலும் குறையாக நிற்கும். ஆனால் அடுத்த வாரத்து மாணவருக்கு முதல் தேவை அந்த நான்காவது விடைதான். ஏடு கடந்ததைச் சேமித்து வைக்கும் பெட்டி என்று நினைப்பது தவறு. அடுத்த கதிரையில் அமரப் போகும், நாம் முகமறியாத ஒருவருக்கு எழுதும் கடிதம் அது. கடிதத்தின் முக்கியமான வரியை விட்டுவிட்டுத் தபாலிற் சேர்ப்போர் உண்டோ?

பொஸ்டன் நகரத்து அட்டைகள்

நோயாளியைத் தேடிச் சென்று முடிவை அறிய வேண்டும் என்ற கொள்கைக்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்த ஒருவரை இங்கு நினைத்தல் பொருந்தும். ஏர்ணஸ்ட் கொட்மன் என்பவர் பொஸ்டன் நகரிலே மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் சத்திர வைத்தியராயிருந்தவர். தாம் பார்த்த நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை வைத்தார். வந்தபோது இருந்த குறை, செய்த சிகிச்சை, ஏற்பட்ட இடையூறு ஆகியவற்றோடு, ஓராண்டு கழிந்த பின் அவர் எப்படி இருக்கின்றார் என்பதையும் விசாரித்து எழுதினார். அந்தக் கடைசிக் கட்டம் நிரம்பும் வரை அட்டை முடிந்ததாக அவர் கொள்ளவில்லை.

இதனை வைத்தியசாலைகள் யாவும் செய்ய வேண்டும், விளைவுகளை மறைக்காது வெளியிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சக வைத்தியர் விரும்பவில்லை. 1914இல் அவ்வைத்தியசாலைப் பதவியைத் துறந்தார். ஏற்கெனவே 1911இல் தாமே தொடங்கியிருந்த சிறு வைத்தியசாலையில் அம்முறையை நடத்திக் காட்டினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளரின் சிகிச்சையில் 123 தவறுகள் நேர்ந்தன என்று தாமே எண்ணி, அச்சிட்டு, ஊரறிய வெளியிட்டார். பலர் நகைத்தனர். வருவாய் குன்றிற்று. 1940இல் அவர் மறைந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்லும் வைக்கப்படவில்லை. 2014இலேதான் நினைவுக்கல் நாட்டப்பட்டது. ஆனால் வைத்தியசாலைகளின் தரத்தை வெளியார் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று பின்னர் எழுந்த இயக்கத்துக்கு அவருடைய எண்ணமே வித்தாயிற்று. 1951இல் அமைந்த அமெரிக்க வைத்தியசாலை மதிப்பீட்டுக் குழுவும் அவ்வழியில் வந்ததே.

மாணவர் நிலையத்தில் ஒரு பிள்ளை தொலைபேசியை எடுத்து, “அம்மா, சென்ற வாரம் எடுத்த இரத்தத்தின் முடிவு வந்திருக்கின்றது” என்று சொல்லும்பொழுது, கொட்மனின் அட்டையிலே கடைசிக் கட்டம் ஒன்று நிரம்புகின்றது.

முடித்து வைக்கும் முறை

சிறந்த நிலையங்கள் இதற்கெனச் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றன. அவற்றை அறிந்துகொள்ளுதல் எந்தத் தொழிலைப் பயில்வோருக்கும் பயன்படும்.

இரவு முடிவிலே ஐந்து நிமிடமாயினும் கூடி நின்று, எந்தெந்த ஏடு முடியவில்லை என்று பட்டியல் எழுதுவது முதலாவது. பட்டியலில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: குறையாக நிற்பது யாது, முடிக்க வேண்டியவர் யார், எந்நாளுக்குள் முடிக்க வேண்டும். இவற்றுள் நடுவிலுள்ளதே உயிரானது. “மாணவர்கள் முடிப்பர்” என்று எழுதினால் ஒருவரும் முடிக்க மாட்டார். ஓர் ஏட்டுக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அப்பெயருடையவர் பரீட்சைக்குப் போக வேண்டியிருந்தால், தம் கடமையை இன்னொரு பெயருக்கு மாற்றி, மாற்றியதையும் எழுதிவிட்டே போக வேண்டும்.

ஆய்வுகூட முடிவுகளைத் தனிப் பட்டியலாக வைத்து, அனுப்பியவை எத்தனை, திரும்பியவை எத்தனை என்று ஒப்பு நோக்குவது இரண்டாவது. வந்ததைப் பார்ப்பது மட்டும் போதாது. வராததையும் தேட வேண்டும்.

மூன்றாவது, நோயாளியைத் தேடுவது. இந்நோயாளருள் பலர் மாதா மாதம் பணங் கட்டும் தொலைபேசி வைத்திருப்பவர். கட்ட முடியாத மாதத்தில் இலக்கம் செத்துவிடும். பகலில் வேலைத்தலத்தில் தொலைபேசியை எடுக்க அனுமதி இராது. பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே வெவ்வேறு நேரங்களில், அவரவர் மொழி அறிந்தவரைக் கொண்டு, இரண்டு மூன்று முறை அழைக்க வேண்டும். கிடைக்காவிடின் கடிதம் எழுத வேண்டும். அழைத்த நாளையும் நேரத்தையும், அகப்படவில்லை என்பதையும் ஏட்டிலே குறிக்க வேண்டும். முயன்று தோற்றதும் ஒரு செய்தியே. அடுத்தவர் அதிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது, ஆண்டு முடிவில் கையளிப்பது. இறுதியாண்டு மாணவர் மே மாத அளவிலே பட்டம் பெற்று, ஜூலை முதலாம் திகதியளவில் வேறு நகரங்களில் வைத்தியசாலைப் பயிற்சியைத் தொடங்கிவிடுவர். அவர்கள் கையில் முடியாமல் நின்ற ஏடுகள் அப்பொழுது பெற்றோரற்ற பிள்ளைகள் போலாகும். ஆகையால் விடைபெறும் விழாவுக்கு முன்பே ஏடுகளுக்கு விடை காண வேண்டும்.

இவை யாவற்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு. முடியாத ஏட்டை விடுதிக்கு எடுத்துச் சென்று முடிப்போம், கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்துக்கொள்வோம் என்றெல்லாம் செய்தலாகாது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் 1996இல் இயற்றப்பட்டது. அதைவிட, வேறு யாருக்கும் சொல்லாததை வைத்தியரை நம்பிச் சொன்ன மனிதரின் நம்பிக்கை பெரிது.

வெற்றிடமும் பொய்யும்

ஏட்டை முடிப்பதிலே உள்ள பெரிய சோதனை இனித்தான் வருகின்றது. பத்து நாள் கழித்து ஒரு மாணவர் தம் பெயருக்கு எதிரே உள்ள ஏட்டைத் திறக்கின்றார். இரத்த அழுத்தம் எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கின்றது. அன்று பார்த்தாரா, பார்க்கவில்லையா, எண் யாது என்பது நினைவில்லை. 120க்கு 80 என்று எழுதிவிட்டால் கட்டம் நிரம்பும், பட்டியலிலிருந்து பெயர் நீங்கும், எவரும் வினவமாட்டார். எழுதலாமா?

எழுதலாகாது. நிரப்பப்படாத கட்டத்தைக் காணும் அடுத்த மாணவர், “இது பார்க்கப்படவில்லை” என்று உணர்ந்து தாம் பார்ப்பார். பொய்யாக நிரப்பப்பட்ட கட்டத்தைக் காண்பவர் நம்பி மேலே செல்வார். முடியாத ஏடு ஒரு குறை; பொய்யால் முடித்த ஏடு ஒரு கண்ணி. ஆகவேதான், பிந்தி எழுதுபவர் அது பிந்தி எழுதியதென்றும், எழுதிய நாள் இன்னதென்றும் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், முன்னர் எழுதியதை அழித்தல் ஆகாது, நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுத வேண்டும் என்பது வைத்திய ஏட்டு முறையின் அடிப்படை விதியாயிற்று. முடிப்பது என்பது நிரப்புவதன்று. உண்மை எவ்வளவோ அவ்வளவை எழுதி, எஞ்சியதைச் செய்து தீர்ப்பதாகும்.

இன்னொரு மாறுதலையும் குறிப்பிட வேண்டும். வைத்தியர் எழுதும் குறிப்பை நோயாளியே படிக்கலாம் என்னும் பரீட்சார்த்த முயற்சி 2010இல் பொஸ்டன் முதலிய இடங்களில் தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியாக, 2021 ஏப்ரல் முதல், அக்குறிப்புகளைக் கணினியிற் பணமின்றிப் படிக்கும் உரிமை அந்நாட்டு நோயாளருக்குப் பரவலாக நடைமுறைக்கு வந்தது. தம்மைப் பற்றிய ஏடு நடுவிலே நின்றுபோயிருப்பதை நோயாளியே காணக்கூடிய காலம் இது.

நம் வீட்டுக் கொப்பிகள்

இவை தூர தேசத்துச் செய்திகள். நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இல்லாமலில்லை. கொட்மன் வாழ்ந்த அதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் என்னும் ஊரிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயை நிலையமாகக் கொண்டு நம்மவரைத் தமிழ் மொழியிலேயே வைத்தியம் பயிற்றினார். உடற்கூறு, பிரசவம், இரண வைத்தியம் முதலிய துறைகளிலே தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார். நோயாளியின் அருகில் நின்றே மாணவன் வைத்தியனாகின்றான் என்ற உண்மை நம் மண்ணுக்குப் புதியதன்று.

நம் அரசாங்க வைத்தியசாலைகளில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகும் பெரியவர்கள் தம் கிளினிக் கொப்பியைத் தாமே வீட்டில் வைத்திருக்கின்றனர். குழந்தையின் நிறையும் தடுப்பூசியும் பதியும் ஏடு தாயின் அலுமாரியிலே இருக்கின்றது. இது ஓர் அரிய வசதி. அமெரிக்க மாணவர் தொலைபேசியில் தேடி அலையும் நோயாளி, இங்கே தம் ஏட்டோடு தாமே வந்து நிற்கின்றார். ஆனால் அவ்வசதி ஒரு கடமையையும் உடன் கொண்டு வருகின்றது. கொப்பியில் அடுத்த திகதி எழுதப்பட்டிருக்கின்றதா, சென்ற முறை எடுத்த இரத்தத்தின் முடிவு ஒட்டப்பட்டிருக்கின்றதா, மாற்றிய மருந்தின் பெயர் தெளிவாக உள்ளதா என்று வீட்டிலே எழுத்தறிந்த பிள்ளை ஒன்று பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால், அடுத்த முறை தாதியாரிடமோ வைத்தியரிடமோ பணிவோடு கேட்க வேண்டும். கேட்பது குற்றங் காண்பதாகாது. அப்பாச்சியின் கொப்பியை வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையும் ஒரு வகையில் அவ்வைத்தியசாலையின் மாணவனே.

மாணவர்களுக்கு மற்றொரு சொல். தொடங்குவதிலே புகழ் உண்டு. இலவச வைத்திய நிலையம் திறக்கப்படும் நாளிலே படம் எடுப்பர், பத்திரிகையில் வரும். முடிப்பதிலே புகழ் இல்லை. வியாழக்கிழமை மாலை தனியே அமர்ந்து, பதினைந்து ஏடுகளுட் குறையாக நின்ற மூன்றைத் தேடி எடுத்து முடிக்கும் மாணவரை எவரும் படம் பிடிப்பதில்லை. அதற்குப் புள்ளியும் இல்லை. ஆயினும் செய்து முடியாத வினையின் மிச்சத்தை வள்ளுவர் அணையாது விட்ட தீயின் மிச்சத்தோடு ஒப்பிட்டார். தீ எரிந்துகொண்டிருக்கும்போது எல்லாரும் காண்பர்; சாம்பலுக்குள் கிடப்பதைத் தேடிப் பார்ப்பவரே காண்பர்.

நோயாளி கதிரையை விட்டு எழுந்து வெளியே சென்றுவிடலாம். மண்டபத்து விளக்கும் அணைந்துவிடலாம். ஏட்டின் கடைசி வரி எழுதப்படும் வரை அவர் இன்னும் தம் எதிரிலேயே அமர்ந்திருக்கின்றார் என்று எண்ணக் கற்றுக்கொள்ளும் மாணவர், பட்டம் பெறுவதற்கு முன்பே வைத்தியராகிவிடுகின்றார்.